தோளில் நாலு பட்டை

மேசை விரிப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் மகள். சாயங்காலம் கீழே குடியிருப்புச் சங்கத்தின் கூடத்தில் அப்பாவுக்கு நினைவுக் கூட்டம். படம் வைக்கிற மேசைக்கு வெள்ளை விரிப்பு வேண்டும் என்று சங்கத் தலைவர் சொல்லியனுப்பியிருந்தார். வீட்டில் இருந்த ஒரே வெள்ளை விரிப்பு அலமாரியின் அடித்தட்டில் சுருண்டு கிடந்தது. ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் மடிப்பு விழுந்தது. தண்ணீர் தெளித்தாள், அது திட்டுத்திட்டாக நின்று போக்குக் காட்டியது. வாலிபம் முழுவதையும் கப்பல்படையில் துணி தேய்த்தே கழித்த மனிதரின் மகளுக்கு ஒரு மேசைத் துணி வசப்படவில்லை.

இப்படி ஒரு வாக்கியத்தை அவள் வெளியாட்கள் யாரிடமும் சொன்னதில்லை. "அப்பா கப்பல்படையில இருந்தாரு" என்பாள். அதோடு முற்றுப்புள்ளி. கேட்கிறவர்கள் மிச்சத்தைத் தங்கள் மனசுக்கேற்ப நிரப்பிக்கொள்வார்கள். நிரப்பிக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுவாள்.

காலையில்தான் வெளியூரிலிருந்து வந்து இறங்கியிருந்தான் தம்பி. சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த படத்தின் பழுப்புத் தாளைப் பிரித்தான். பிரித்தவன் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"அக்கா."

"ம்."

"இது யாரு?"

"ஏன், கண்ணு தெரியலையா? அப்பா."

"தலை அப்பாவோடது. அது தெரியுது. கழுத்துக்குக் கீழ யாரு?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். படத்தில் இருந்தவர் தூய வெள்ளைச் சீருடையில் இருந்தார். மார்பில் பித்தளைப் பொத்தான்கள், தலையில் விளிம்பு வைத்த தொப்பி, இரண்டு தோளிலும் தங்கப் பட்டைகள். அத்தனைக்கும் நடுவில் அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த உடுப்புக்கும் அந்தச் சிரிப்புக்கும் ஒட்டவே இல்லை.

"நாலு பட்டை போட்டிருக்கே. கேப்டன். இன்னும் ஒண்ணு சேர்த்துப் போட்டிருந்தா கப்பலையே எழுதிக் கொடுத்திருப்பாங்க."

"ஸ்டூடியோக்காரன் போட்டான்."

"அவனுக்கு அப்பா கப்பல்ல இருந்தாருன்னு கனவுல வந்துச்சாக்கும்."

"ஒரு சாயங்காலம்டா. யாரு உத்துப் பார்க்கப் போறா? விடு."

"அடுத்தவன் சட்டைக்குள்ள கையை விடாத மனுஷன்க்கா அவரு. நீ தலையையே விட்டுட்டே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொல்லி முடித்ததும் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. வேறு படம் இல்லையா என்றான். இனிமேல் நேரமில்லை என்றாள் அவள். விரிப்பின் நடுவில் விழுந்த மடிப்பு கடைசிவரை போகவில்லை. படத்தை அதன்மேல் வைத்தால் மறைந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

அப்பா துப்பாக்கி தூக்கத்தான் கப்பல்படைக்குப் போனார். வரிசையில் நின்றவர்களில் அவர்தான் உயரம். எப்படியும் பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார்கள் என்று நம்பினார். உள்ளே ஆள் குறைந்திருந்த இடம் சலவை அறை. "துப்பாக்கி கேட்டேன், இஸ்திரிப் பெட்டி கொடுத்தாங்க. ரெண்டுமே சூடுதானேன்னு வாங்கிக்கிட்டேன்" என்பார். வீட்டுக்குள் மட்டும் சொல்கிற வேடிக்கை அது. எத்தனை முறை சொன்னாலும் அம்மா சிரிப்பாள்.

சலவை அறை கப்பலின் அடிவயிற்றில், இயந்திர அறைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. ஜன்னல் கிடையாது. கடலிலேயே கிடந்த மனிதர், கடலைப் பார்க்க வேண்டுமானால் மேலே ஏறி வர வேண்டும். கூரை அவர் உயரத்துக்குப் போதவில்லை. தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டே தேய்த்துத் தேய்த்து, கரைக்கு வந்த பிறகும் அவர் கழுத்து நேராகவில்லை. யார் பேசினாலும் தலையைச் சாய்த்துக் கேட்பார். பேசுகிறவர்கள், தங்கள் பேச்சில் அவருக்கு அவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

துறைமுகத்தில் நிற்கிற நாட்களில் அதிகாரிகளுக்கு வெள்ளை உடுப்பு. ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றுவார்கள். அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வந்து விழும். கப்பல் ஆடும்போது மேசை சாயும். மேசையோடு இஸ்திரிப் பெட்டியும் கிளம்பிவிடக் கூடாது என்று சங்கிலியால் கட்டி வைத்திருப்பார்கள். அப்படியும் அப்பாவின் முன்கைகளில் முக்கோண முக்கோணமாய்ச் சூட்டுத் தழும்புகள் இருந்தன.

துவைக்கிற இயந்திரம் அவருடைய கூட்டாளியின் பொறுப்பு. குள்ளமாக, உருண்டையாக இருப்பார். கப்பலே அவரைப் பொட்டலம் என்று கூப்பிட்டது. அப்பாவை ஏணி என்றது. விடுப்பில் வரும்போதெல்லாம் ஏணியும் பொட்டலமும் சேர்ந்தே வந்து இறங்குவார்கள். பிள்ளைகளுக்கு அவர் பொட்டலம் சித்தப்பா.

தம்பி சொன்ன அந்தச் சட்டை விஷயம், அப்பா தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். தேய்த்துத் தொங்கவிட்டிருக்கும் அதிகாரி உடுப்பைப் பார்த்தால் சின்னப் பையன்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு தடவை மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கழற்றுவார்கள். அப்பா விடமாட்டார். "நம்மளை நம்பிக் கொடுத்த துணி. துவைக்கலாம், தைக்கலாம், தேய்க்கலாம். உள்ள கையை விடக்கூடாது." ஒருமுறை பொட்டலமே கேப்டனுடைய மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, குட்டிக் கையைப் பின்னால் கட்டி, ஏணியைப் பார்த்து அதட்டிக் காட்டினார். அதற்காக அப்பா அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அவ்வளவு சின்ன அறைக்குள், தோளும் தோளும் இடிக்க நின்றுகொண்டு, பேசாமல் இருந்திருக்கிறார்.

வீட்டிலும் அப்படித்தான். ஒரு நாள் மழையில் தொப்பலாக நனைந்து மகள் வீட்டுக்கு வந்தவர், மருமகன் சட்டையைக் கொடுத்தபோது வாங்கவில்லை. தன்னுடையது காயும்வரை துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்கப்பா இப்படித்தான்" என்று கணவரிடம் அலுத்துக்கொண்டாள் அவள். அப்போது அது பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

சின்ன வயதில் அவளுக்கு அந்த இஸ்திரி பெருமையாக இருந்தது. அப்பா ஊரில் இருக்கும் நாட்களில் அவள் பள்ளிப் பாவாடையின் மடிப்புகள் கத்தி மாதிரி நிற்கும். டீச்சரே தொட்டுப் பார்த்தாள். "யாரு தேய்ச்சது?" அவள் எழுந்து நின்று, அப்பா கப்பலில் என்ன செய்கிறார் என்று மூச்சு விடாமல் சொன்னாள். பின்னாலிருந்து ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "அப்ப உங்கப்பா டோபியா?" வகுப்பே சிரித்தது. டீச்சரும் உதட்டை மடித்துக்கொண்டாள். அந்த முற்றுப்புள்ளி அன்று வைத்தது.

பிறகு கல்யாணப் பேச்சு வந்தது. "கப்பல்படை அதிகாரி வீட்டுச் சம்பந்தம்னா எங்களுக்குப் பெருமைதான்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, பதில் சொல்ல வாயைத் திறந்தார். டீ கொண்டுவந்த மகள் அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஜாடை காட்டவில்லை, பார்த்தாள். அவ்வளவுதான். அப்பா டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "கடல் காத்து உடம்புக்கு நல்லது" என்றார். எல்லோரும் அதை ஆமோதித்தார்கள். பின்னாளில் கணவரிடம் அவளே விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்ல மாதிரி. "எனக்கென்ன, ஆயுசுக்கும் இஸ்திரிச் செலவு மிச்சம்" என்றார். வீட்டுக்குள் முடிந்த விஷயம் வெளியே முடியவில்லை.

படையிலிருந்து வந்த பிறகு அப்பா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். அதை அவள் "ஆஸ்பத்திரி நிர்வாகத்துல" என்பாள். அம்மா போனதும் மகளோடு வந்து தங்கினார். இவள் காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவு மேலாளர். குடியிருப்பிலும் டாக்டர், வக்கீல், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் என்று எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருந்தது. வந்த இரண்டாம் வாரமே வாசல் காவலாளி அப்பாவுக்குச் சல்யூட் வைத்து "கேப்டன் சார்" என்று கூப்பிட ஆரம்பித்தான். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா காலையில் எழுந்ததும் வீட்டுத் துணி அத்தனையையும் தேய்ப்பார். பால்கனியில் பலகை போட்டு, காற்று வாங்கிக்கொண்டே தேய்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. கூரை இடிக்காத இடத்தில் நிமிர்ந்து நின்று தேய்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். எதிர் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

"அங்க நின்னு தேய்க்காதீங்கப்பா. வெயில்."

அப்பா வானத்தைப் பார்த்தார். மேகம் மூடிக் கிடந்தது. தூறல் எந்த நேரமும் விழும் போலிருந்தது.

"ஆமாம்மா. வெயில்தான்" என்று சொல்லிவிட்டுப் பலகையை மடக்கித் தன் அறைக்கு எடுத்துப்போனார். அதற்குப் பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் தேய்த்தார்.

அப்பா போன நாளிலிருந்து அந்த மேகத்தைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரியுமா? மகள் தன் வேலையைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று தெரிந்தே உள்ளே போனாரா? இல்லை, வெளிச்சம் கண்ணைக் கூசுவதைத்தான் வெயில் என்று சொன்னாரா? தெரியாமல் போயிருந்தால் தேவலை. அந்த ஒன்று மட்டும் உறுதியானால் மற்றதை எப்படியாவது விழுங்கிவிடலாம் என்றிருந்தது அவளுக்கு.

இவ்வளவு யோசிக்கிறவள்தான் ஸ்டூடியோவுக்கும் போனாள். அப்பா நன்றாகச் சிரிக்கிற படம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. சலவை அறைக் கதவுக்கு வெளியே, பனியனும் அரை டிராயருமாக, துணி மூட்டைமேல் ஒரு காலை வைத்து நின்ற படம். பக்கத்தில் பொட்டலம் எம்பி நின்று அவர் தோளில் கை போட்டிருந்தார்.

"இந்த டிரஸ் வேணாமே மேடம்" என்றான் ஸ்டூடியோக்காரன். "நேவின்னுதானே சொன்னீங்க? என்கிட்ட யூனிஃபார்ம் ரெடியா இருக்கு, மாட்டிவிட்டுடலாம். பட்டை எத்தனை?"

வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும். அவள் பையில் எதையோ தேடினாள். "நீங்களே பார்த்துப் போடுங்க" என்றாள்.

"நாலு போடுறேன். பார்க்க நிறைவா இருக்கும். இந்த ஆளை எடுத்துடவா? தோள்மேல ஒரு கை இருக்கு, அதையும் துடைச்சிடுறேன்."

"ம்."

கூடம் நிறைந்திருந்தது. சங்கத் தலைவர், முன்னாள் வங்கி மேலாளர், ஒலிபெருக்கியைப் பிடித்ததும் அப்பாவை நடுக்கடலில் இறக்கி, புயலோடு மோதவிட்டு, ஒருவழியாகக் கரையேற்றினார். தம்பி சுவரில் சாய்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து, நீண்டுகொண்டே போன பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளுக்குள் குறுகினாள்.

அப்போதுதான் பொட்டலம் சித்தப்பா வந்தார். அவள் சொல்லியனுப்பவில்லை, தம்பி போன் செய்திருக்கிறான். தலைமுடி மொத்தமும் போயிருந்தது, உருண்டை மட்டும் அப்படியே இருந்தது. தோளில் துணிப்பை. சட்டைக் காலர் அட்டை மாதிரி நின்றது. யாரையும் பார்க்காமல் நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். கிட்டே போய்ப் பார்த்தார். ஒரு எட்டு பின்னால் வந்து பார்த்தார்.

எழுந்து அருகில் போனாள். "வாங்க சித்தப்பா."

"பாப்பா" என்று அவள் தலையைத் தொட்டார். பிறகு படத்தில் அப்பாவின் தோளைக் காட்டி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். "என் கையைக் காணோமே."

அவள் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஐயா யாரு? கேப்டன் கூட வேலை பார்த்தவரா?" தலைவர் மேடையிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். "வாங்க வாங்க, ரெண்டு வார்த்தை நீங்கதான் பேசணும்."

தம்பி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இதோ எல்லாம் வெளியே வரப்போகிறது. வந்து தொலையட்டும், யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் நல்லது என்றும் அவள் மனசில் ஒரு ஓரம் கெஞ்சியது.

சித்தப்பா ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பெரிய ஆள் இல்லீங்க. கப்பல்ல சலவை அறையில இருந்தேன். ஐயாவோட துணியெல்லாம் நான்தான் துவைச்சு, நான்தான் தேய்ப்பேன்." படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "கஞ்சி கூடிப் போய் காலர் கழுத்தை அறுத்தாக்கூட ஒரு வார்த்தை சொல்லமாட்டாரு. நான் தப்பு பண்ணினா தன் தலையில போட்டுக்குவாரு. அந்த மாதிரி அதிகாரி கிடைக்கமாட்டாங்க. அவ்வளவுதாங்க எனக்குச் சொல்லத் தெரியும்."

கைதட்டினார்கள். "பார்த்தீங்களா" என்று தலைவர் உருகினார், "கீழ வேலை பார்த்தவங்ககிட்டகூட எப்படி நடந்திருக்காரு."

டேய் ஏணி என்று கூப்பிட்டுப் பழகிய வாய். தோளில் தொங்கிய கை. அவளுக்கு உடம்பு முழுவதும் கூசியது. நன்றி சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியில் சித்தப்பாவின் உள்ளங்கை ஈரம் இன்னும் இருந்தது. இப்போது சொல்லலாம். எங்கப்பாவும் இவரும் ஒரே அறையில் ஒரே வேலை பார்த்தவங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சின்ன வாக்கியம்.

"அப்பா..." என்று ஆரம்பித்தாள். முன்வரிசையில் டாக்டரின் மனைவி கைக்குட்டையோடு கனிவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா எல்லாரையும் மதிச்சாரு. வந்ததுக்கு எல்லாருக்கும் நன்றி" என்று முடித்துவிட்டு இறங்கினாள்.

டீ கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டவர்கள், சித்தப்பா கையில் ஒரு காகிதக் கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சுவரோரம் நின்று ஊதி ஊதிக் குடித்தார். டாக்டரின் மனைவி அவரிடம் போனாள்.

"இன்னும் தேய்க்கிறீங்களா? எங்க வீட்டுக்கு நம்பிக்கையான ஆள் தேடிக்கிட்டிருக்கோம்."

"வயசாயிடுச்சும்மா. கை நடுங்குது" என்றார் சித்தப்பா.

அப்பா உயிரோடு வந்து, நான்தான் தேய்த்தேன் என்று சொல்லியிருந்தால், இந்தக் கூடத்தில் அவர் நின்றிருக்கும் இடமும் அந்தச் சுவரோரம்தான். அதைத்தானே இத்தனை வருஷமும் தவிர்த்தோம் என்று நினைத்தாள். இப்போது அங்கே சித்தப்பாவை நிறுத்தியிருந்தாள். தம்பி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனான். அக்காவைக் கடந்து போகும்போது பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு சித்தப்பா மேலே வந்தார். அப்பாவின் அறையைப் பார்க்க வேண்டும் என்றார். கட்டிலின் ஓரத்தில், கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்து, மடக்கிச் சாத்தி வைத்திருந்த பலகையையும் சாத்தியிருந்த ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து தம்பி நாற்காலிகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"ஏன் சித்தப்பா அப்படிச் சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"அப்பா உடுப்பை நீங்க தேய்ச்சீங்கன்னு. அவரை ஐயான்னு..."

"சரியாத்தானே சொன்னேன்? ஏதாவது தப்பா உளறிட்டேனா பாப்பா?" உண்மையாகவே கவலைப்பட்டார். "மேடைன்னாலே எனக்கு உதறும்."

"தம்பி சொல்லிக் கொடுத்தானா?"

"அவன் விலாசம் சொன்னான். வேற ஒண்ணும் பேசலை."

"அப்புறம் யாரு?"

சித்தப்பா பலகையின் துணி உறையை விரலால் நீவிவிட்டார். அதில் சுருக்கம் எதுவும் இல்லை.

"போன மழைக்காலத்துல ஒரு நாள் போன் பண்ணினான். 'டேய் பொட்டலம், நான் போனா நீ எப்படியும் வந்து நிப்பே. அங்க நான் அதிகாரின்னு இருக்கு. நீ பாட்டுக்கு வாயைத் திறந்து மானத்தை வாங்கிடாதே, பொண்ணு பாவம்'னான். சரிடான்னேன். ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டான்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். போன மழைக்காலம். மேகம் மூடிய அந்தக் காலையும் அதே மழைக்காலம்தான்.

"இருட்டுறதுக்குள்ள பஸ் பிடிக்கணும்" என்று சித்தப்பா கட்டிலிலிருந்து குதித்து இறங்கினார். துணிப்பையின் வாரைத் தோளில் மாட்டினார். அது நழுவியது, மறுபடி மாட்டினார்.

"சித்தப்பா. அதைச் சொல்லும்போது அப்பா குரல் எப்படி இருந்துச்சு?"

அவர் வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"வருத்தமா இருந்தாரா? இல்ல, சாதாரணமாத்தான் சொன்னாரா? அது மட்டும் சொல்லுங்க."

சித்தப்பா அவள் கையை ஒருமுறை பிடித்து அழுத்தினார். பிறகு அவளுக்கும் நிலைக்கும் இடையில் இருந்த சின்ன இடைவெளியில் ஒருக்களித்து நுழைந்து, அறையை விட்டு வெளியே போனார்.